கறுப்பு வண்டியில் ஒரு சர்க்கார்

ஒரு சர்க்கார் எங்கே இருக்கிறது? யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அதோ கோட்டை, அதோ கொடிமரம், அதோ காவலுக்கு நிற்கும் சிப்பாய் என்பார்கள். சரி, அந்தக் கோட்டை பறிபோய்விட்டால்? கொடிமரத்திலே மாற்றான் கொடி ஏறிவிட்டால்? கஜானா காலியாகி, பட்டாளம் சிதறி, தலைநகரத்திலே அயல்நாட்டான் ஒருவன் முடிசூட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டால், சர்க்கார் செத்துவிட்டது என்று பொருளா?

1865-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டின் நிலை அதுதான். தலைநகரத்து அரண்மனையிலே, ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தம்பி மாக்சிமிலியன் கொலுவிருந்தான். அவனைச் சுற்றிப் பிரெஞ்சுப் பட்டாளம். பட்டாளத்தை ஏவிவிட்டுப் பாரிசிலே அமர்ந்திருந்தவன் மூன்றாம் நெப்போலியன். அந்த அரண்மனைக்கு ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு அப்பால், வடக்கு எல்லையிலே, மணலும் முட்புதரும் மண்டிய ஒரு சிற்றூரிலே, புழுதி படிந்த கறுப்புக் குதிரைவண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் குட்டையான மனிதர். கறுத்த மேனி, கறுப்புக் கோட்டு. மார்பிலே பதக்கமில்லை, இடுப்பிலே வாளில்லை. உடன் வந்தவர்கள் ஒரு சில அமைச்சர்கள்.

அந்த வண்டிதான் மெக்சிகோ நாட்டின் சர்க்கார்!

சீமான்கள் சிரித்தார்கள். சக்கரத்தின்மேல் ஓடும் சர்க்காராம் என்று கேலி பேசினார்கள். ஆனால், இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுப் பட்டாளம் கப்பலேறிப் போயிற்று. வண்டியில் வந்தவர் தலைநகர் திரும்பினார். பீரங்கியா அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது? போரிட்டவர்கள் உண்டு, உயிர் கொடுத்தவர்கள் ஆயிரமாயிரம் உண்டு. ஆனால் எந்த உரிமையின்பேரில் அவர்கள் அந்த மனிதரைத் தங்கள் தலைவர் என்று கொண்டார்கள்? 1857-ஆம் ஆண்டில் மக்கள் பிரதிநிதிகள் கூடி எழுதிய அரசியல் சட்டத்தின்பேரில்! அந்த மனிதர்தான் பெனிட்டோ ஜுவாரெஸ்.

அரசியல் சட்டம் என்றதும், அது வக்கீல்மார் விவகாரம், தறிமேடைக்கும் அதற்கும் என்ன உறவு என்று நம் ஆலைத் தோழர்களிலே சிலர் ஒதுங்கிவிடுவதைப் பார்க்கிறோம். தொழிற்சங்கத்துக்கு விதிமுறை உண்டல்லவா? செயலாளர் எவ்வளவு பணம் எடுக்கலாம், எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம், யாரைக் கேட்டு வேலைநிறுத்தம் அறிவிக்கலாம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். உறுப்பினன் சந்தா கட்ட வேண்டும், பொதுக்குழுவுக்கு வரவேண்டும் என்பதையும் அதே ஏட்டிலேதான் எழுதி வைத்திருக்கிறோம். நாட்டுக்கு உள்ள அப்படிப்பட்ட விதிமுறையே அரசியல் சட்டம். ஆள்பவனுக்கு இவ்வளவுதான் அதிகாரம் என்று வேலி கட்டுவது அதன் ஒரு பக்கம். மக்களுக்கு இன்னின்ன உரிமை, இன்னின்ன பொறுப்பு என்று வகுப்பது மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் தன் வாழ்விலே தாங்கியவர், ஒருசில வேளைகளில் தடுமாறவும் செய்தவர், ஜுவாரெஸ். அவர் கதையைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆடு மேய்த்த சிறுவன்

மெக்சிகோவின் தெற்கே ஒஹாகா மலைப்பகுதியிலே குவெலாட்டாவோ என்று ஒரு குக்கிராமம். இருபது குடும்பங்கள் வாழ்ந்த ஊர். 1806-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அங்கே பிறந்தார் ஜுவாரெஸ். அவருடைய மக்கள் சபோட்டெக் எனப்படும் பூர்வகுடிகள். ஸ்பெயின்காரன் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே அந்த மண்ணை ஆண்டவர்கள். வந்தவன் எஜமானன் ஆனான். இருந்தவன் ஏவலாள் ஆனான். மூன்று வயதிலேயே தாயும் தந்தையும் மாண்டனர். சிற்றப்பன் வீட்டிலே வளர்ந்து, ஆடு மேய்த்தான் சிறுவன். அந்த ஊரிலே பள்ளிக்கூடமே இல்லை. ஆட்சிமொழியான ஸ்பானிஷ் அவனுக்குத் தெரியாது. தெரிந்தது தாய்மொழி ஒன்றுதான்.

படிப்பு வேண்டும் என்ற ஏக்கம் அவனை உறங்கவிடவில்லை. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், பன்னிரண்டு வயதுப் பாலகன், வீட்டை விட்டுக் கிளம்பி மலைப்பாதையிலே நடந்தே ஒஹாகா நகர் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு செல்வர் வீட்டில் அவன் அக்காள் சமையற்காரி. பிறகு, புத்தகம் கட்டும் தொழில் செய்துவந்த பக்திமான் ஒருவர் அவனை வீட்டிலே வைத்துக்கொண்டு, வேலையும் வாங்கி, பள்ளிக்கும் அனுப்பினார்.

பள்ளி எப்படி இருந்தது? பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறை. அங்கே ஆசிரியர் தாமே பாடம் சொல்வார். ஏழைப் பிள்ளைகளுக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் வேறோர் அறை. அங்கே உதவியாள் ஒருவன் ஒப்புக்குப் பாடம் நடத்துவான். ஒரே கூரை, இரண்டு நீதி! அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினான் ஜுவாரெஸ். பூர்வகுடிப் பிள்ளைக்கு மேற்படிப்பு வேண்டுமானால் மதகுருவாகப் போவது ஒன்றே வழி என்றிருந்த காலம் அது. அந்த வழியிலே சிலகாலம் நடந்து பார்த்தார். ஒஹாகாவிலே 1827-இல் மாகாண அரசு கலை, அறிவியல் கழகம் தொடங்கியதும், குருமடத்தை விட்டுவிட்டு அங்கே சட்டம் படிக்கப் போனார். 1834-இல் வக்கீல் ஆனார்.

ஒன்பது நாள் சிறை

அதே 1834-ஆம் ஆண்டிலே அவரைத் தேடி வந்தார்கள் லோக்சீச்சா என்னும் கிராமத்து ஏழைகள். அந்த ஊர்ப் பாதிரியார், ஞானஸ்நானத்துக்கு இவ்வளவு, திருமணத்துக்கு இவ்வளவு, சாவுக்கு இவ்வளவு என்று அளவுக்கு மீறிக் கட்டணம் கறந்துவிட்டார். அதைத் தட்டிக்கேட்க வழக்குப் போடவேண்டும்.

எங்கே போடுவது? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அன்றைய மெக்சிகோவிலே பாதிரியார்மீது வழக்கென்றால் அது பாதிரியார்களின் கோர்ட்டுக்குத்தான் போகும். பட்டாளத்து அதிகாரிமீது வழக்கென்றால் பட்டாளத்துக் கோர்ட்டுக்குத்தான் போகும். குற்றம் சாட்டப்பட்டவரின் கூட்டத்தாரே நீதிபதிகள்! ஸ்பெயின் ஆட்சிக்காலத்திலிருந்து தொடர்ந்துவந்த தனிச் சலுகை அது. 1821-இல் நாடு விடுதலை அடைந்தும் அந்த விலங்கு உடையவில்லை.

முதலிலே பாதிரியாருக்கு எதிராக உத்தரவு கிடைத்தது. உடனே ஆட்சி மாறிற்று. காற்றும் மாறிற்று. வழக்குப் போட்ட கிராமத்தார் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்காக வாதாடப் போன வக்கீலையும் பிடித்துச் சிறையிலே போட்டார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தார் ஜுவாரெஸ். தனி நீதி பெற்ற கூட்டங்களின் அதிகாரத்தை ஒழித்தே தீருவது என்ற முடிவுக்கு வந்தது அந்தச் சிறையிலேதான் என்று, பிற்காலத்திலே தம் மக்களுக்காக எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பிலே கூறியிருக்கிறார்.

படிப்படியாக உயர்ந்தார். நீதிபதியானார், 1847-இலிருந்து ஒஹாகா மாகாண ஆளுநர். பள்ளிகள் திறந்தார், சாலைகள் போட்டார், மாகாணக் கஜானாவின் கடனைக் குறைத்தார். அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 1850-இல் அவருடைய இரண்டு வயதுப் பெண்குழந்தை இறந்துவிட்டது. நோய் பரவாதிருக்க, பிணங்களை மாதாகோயிலுக்குள்ளே புதைக்கக்கூடாது, ஊருக்கு வெளியே புதைக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆளுநர் குடும்பத்துக்கு மட்டும் அதிலே விலக்கு உண்டு. அந்த விலக்கு வேண்டாம் என்றார் ஜுவாரெஸ். குழந்தையின் உடலைத் தாமே கொண்டுபோய் ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டிலே அடக்கம் செய்தார். மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்படவேண்டுமானால் ஆள்பவன் முதலில் கட்டுப்படவேண்டும் என்பது அவருக்கு மேடைப்பேச்சு அல்ல. பெற்ற குழந்தையின் பிணத்தை வைத்துக்கொண்டு நடத்திக் காட்டிய பாடம்.

சுருட்டுத் தொழிலாளி அமைச்சரானார்

அமெரிக்காவுடன் நடந்த போரிலே தோற்று, 1848-இல் நாட்டின் ஏறக்குறையப் பாதி நிலத்தைப் பறிகொடுத்தது மெக்சிகோ. அந்தப் போரை நடத்திய தளபதி சாந்தா அன்னா, பதவிக்கு வருவதும் போவதுமாக இருந்தவன், 1853-இல் மீண்டும் வந்து சர்வாதிகாரியானான். ஜுவாரெசைப் பிடித்து நாடு கடத்தினான். மாகாணத்தை ஆண்ட மனிதர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே சுருட்டுச் சுற்றி வயிறு கழுவினார்! அங்கேதான் ஒக்காம்போ போன்ற சீர்திருத்தவாதிகளின் தோழமையும் அவருக்குக் கிடைத்தது.

1854-இல் தெற்கே கிளர்ச்சி வெடித்தது. 1855-இல் சர்வாதிகாரி ஓடினான். சுருட்டுத் தொழிலாளி திரும்பிவந்து நீதி அமைச்சரானார். அமைச்சரானதும் அவர் செய்த முதல் பெருஞ்செயல் என்ன? அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சட்டம். பாதிரியார் கோர்ட்டும் பட்டாளத்துக் கோர்ட்டும் இனிப் பொதுவழக்குகளை விசாரிக்கக் கூடாது. கொடுக்கல் வாங்கல், சொத்து என்றால் எல்லாரும் ஒரே கோர்ட்டுக்கு வரவேண்டும். ஜுவாரெஸ் சட்டம் என்றே அதற்குப் பெயர். லோக்சீச்சா கிராமத்து ஏழைகளுக்கு அவர் பட்டிருந்த கடன், இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ந்தது.

1857 சொன்னது என்ன?

பிறகு கூடிய அரசியல் நிர்ணய சபை ஓராண்டு வாதாடி, 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் புதிய அரசியல் சட்டத்தை வெளியிட்டது. மொத்தம் 128 பிரிவுகள்.

அதிகாரத்தின் ஊற்று மக்கள்தான் என்றது அந்தச் சட்டம். அரசன் அல்ல, ஆண்டவன் அல்ல! எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்தே பிறக்கிறது, ஆட்சி முறையை மாற்றும் உரிமை எந்நாளும் அவர்களுக்கே உண்டு என்றது 39-வது பிரிவு. அந்த அதிகாரத்தையும் சட்டசபை, நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்றாகப் பிரித்து, அவற்றிலே இரண்டு ஒரே ஆளின் கைக்குள் போகக்கூடாது என்று தடுத்தது. மாகாணங்கள் தங்கள் உள்விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் கூட்டாட்சி என்றது. பரம்பரைப் பட்டங்கள் செல்லாது, தனி மனிதருக்கென்று தனிச் சட்டமோ தனிக் கோர்ட்டோ கிடையாது, கடனுக்காக எவனையும் சிறையிலிடக் கூடாது, கூலியின்றியும் சம்மதமின்றியும் எவனிடமும் வேலை வாங்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிற்று. அதிகாரி எவனாவது இந்த உரிமைகளிலே கைவைத்தால், குடிமகன் நேரே கூட்டாட்சி நீதிமன்றம் சென்று பாதுகாப்புக் கேட்கலாம் என்று வழியும் செய்தது.

உரிமைகளை மட்டுமா சொன்னது? நாட்டைக் காப்பது குடிமக்களின் கடமை. பொதுச் செலவுக்கு அவரவர் சக்திக்கேற்ப நியாயமான அளவில் வரி கொடுப்பது கடமை. வாக்களிப்பதும் கடமை என்றது. கடைசிப் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கலகத்தாலே இந்தச் சட்டம் நடைமுறையில் நின்றுபோனாலும் அது செத்ததாகாது. மக்கள் விடுதலை பெற்றதும் மீண்டும் நடப்புக்கு வரும் என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு வரப்போவது தெரிந்திருந்தது!

வந்தது. போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ், சட்டம் வெளியாகுமுன்பே அதைக் கண்டித்துவிட்டார். சர்க்கார் ஊழியர் அனைவரும் புதிய சட்டத்துக்கு உறுதிமொழி கூறவேண்டும் என்று உத்தரவு. கூறினால் திருச்சபையின் சடங்குகள் கிடையாது என்று ஆயர்கள் உத்தரவு. சாதாரணக் குமாஸ்தாவின் நிலையை எண்ணிப் பாருங்கள்! உறுதி கூறினால் நாளை சாகும்போது பாதிரியார் வரமாட்டார். கூறாவிட்டால் இன்றே வேலை போய்விடும். ஏட்டிலே எழுதிய சட்டத்துக்கு எளியவன் வீட்டிலே கொடுக்கப்பட்ட விலை அது.

1857 டிசம்பரில் தளபதி சுலோவாகா தலைநகரிலே கலகம் செய்தான். குடியரசுத் தலைவராக இருந்த கோமன்ஃபோர்ட்டே கலகக்காரருடன் சேர்ந்து, தாம் உறுதிகூறிய சட்டத்தைக் காலிலே போட்டு மிதித்தார். உச்ச நீதிமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஜுவாரெசைச் சிறைவைத்தார். சில வாரங்களில் மனம் மாறி விடுதலை செய்துவிட்டுத் தாமும் நாட்டை விட்டுப் போனார். குடியரசுத் தலைவர் இல்லாதபோது உச்ச நீதிமன்றத் தலைவரே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்பது அரசியல் சட்டம். 1858 ஜனவரியில் ஜுவாரெஸ் பொறுப்பேற்றார். படை அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வாசகம் தேர்ந்தெடுத்தது!

வண்டியும் குகையும்

மூன்றாண்டு உள்நாட்டுப் போர். 1858 மார்ச்சில் குவாதலஹாரா நகரிலே காவற்படையே திரும்பிக்கொண்டு அவரைப் பிடித்தது. சுட்டுத் தள்ளச் சிப்பாய்கள் துப்பாக்கியை உயர்த்திவிட்டார்கள். அவருடைய அமைச்சர், கவிஞர் கில்லெர்மோ பிரியெத்தோ, பாய்ந்து குறுக்கே நின்று, வீரர்கள் கொலைகாரர்கள் ஆகலாமா என்னும் கருத்துப்படப் பேசினார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. அந்தப் பிரியெத்தோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

பசிபிக் கடற்கரையில் கப்பலேறி, பனாமாவைக் கடந்து, கியூபாவும் நியூ ஆர்லியன்சும் சுற்றி, வெராகுரூஸ் துறைமுகத்திலே வந்திறங்கி அங்கே சர்க்காரை நிறுவினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1859 ஜூலையிலிருந்து சீர்திருத்தச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாதாகோயில் சொத்துக்கள் நாட்டுக்கு உரியவையாயின. திருமணம் சர்க்கார் பதிவேட்டிலே நடக்கும் ஒப்பந்தம். பிறப்பையும் இறப்பையும் பதிவதும் சர்க்கார் வேலை. இடுகாடும் பொது இடம். 1860 டிசம்பரில் வழிபாட்டுச் சுதந்திரச் சட்டம். பிறக்கவும் மணக்கவும் சாகவும் பாதிரியாருக்குக் கப்பம் கட்டிய காலம் முடிந்தது. பக்தி கொண்டவன் கோயிலுக்குப் போகலாம். ஆனால் குடிமகன் என்ற உரிமைக்குக் கோயிலின் கையெழுத்து தேவையில்லை!

1861 ஜனவரியில் வெற்றியோடு தலைநகர் திரும்பினார். அவ்வாண்டே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். கஜானாவோ காலி. வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை இரண்டாண்டு நிறுத்திவைப்பதாக ஜூலையில் அறிவித்தது சர்க்கார். அதைச் சாக்காக வைத்துப் பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பலனுப்பின. முதல் இரண்டும் 1862 ஏப்ரலில் விலகிக்கொண்டன. நெப்போலியன் மட்டும் விடவில்லை. மே 5-ஆம் நாள் புவெப்லா நகரிலே பிரெஞ்சுப் படை சரகோசா என்னும் இளம் தளபதியிடம் உதைபட்டுத் திரும்பியது. மேலும் படை வந்தது. 1863-இல் தலைநகர் வீழ்ந்தது. 1864-இல் மாக்சிமிலியன் வந்து இறங்கினான். கிளம்பிற்று கறுப்பு வண்டி!

வண்டியோடு மாட்டுவண்டிகள் சிலவும் போயின. அவற்றிலே இருந்தவை நாட்டின் ஆவணங்கள்: சட்டங்கள், ஒப்பந்தங்கள், பதிவேடுகள். தூக்கிச்செல்ல முடியாத நிலை வந்தபோது, 1864-இல் வடக்கே கோவாவிலா மாகாணத்திலே, உழவர் சிலரை நம்பி அவற்றை ஒப்படைத்தார் ஜுவாரெஸ். அவர்கள் அவற்றை மலைக்குகை ஒன்றிலே மறைத்து வைத்துக் குடியரசு மீளும்வரை காத்தார்கள். எதிரி துன்புறுத்தியும் காட்டிக் கொடுக்கவில்லை. சிலர் உயிரையே கொடுத்தார்கள். அவர்களிலே எத்தனைபேருக்கு அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்திருக்கும்? படித்த சீமான்கள் மாக்சிமிலியன் அரண்மனையிலே விருந்துண்டபோது, நாட்டின் சாசனத்தைத் தலைமாட்டிலே வைத்துக் காத்தவன் மண்கிளறும் உழவன்! பொதுமக்களின் பொறுப்பு என்று சட்டப்புத்தகம் சொல்கிறதே, அதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

பிரெஞ்சுப் படை போனபிறகு, 1867 மே மாதம் கெரெத்தாரோ நகரிலே மாக்சிமிலியன் பிடிபட்டான். குடியரசுப் படையினரை 24 மணி நேரத்திலே சுட்டுக்கொல்ல 1865 அக்டோபரில் உத்தரவிட்டவன் அவன். அவனுக்கு விசாரணை நடந்தது. வாதாட வக்கீல்களும் இருந்தார்கள். அவன் ஒழிக்க வந்த அதே 1857 சட்டத்தைக் காட்டி அவர்கள் அவன் உயிருக்காக வாதாடினார்கள்! விக்டர் ஹியூகோவும் கரிபால்டியும்கூட உயிர்ப்பிச்சை கேட்டார்கள். ஜுவாரெஸ் இசையவில்லை. ஜூன் 19-ஆம் நாள் தண்டனை நிறைவேறிற்று. நமக்கு மரணதண்டனையிலே மகிழ்ச்சி இல்லை. ஆனால் கிரீடம் தரித்த தலைக்கும் சட்டம் உண்டு என்பதை ஐரோப்பிய அரண்மனைகள் அன்றைக்குக் கேட்டறிந்தன.

வீரனையும் அளந்து பார்

இத்துடன் கதையை முடித்தால் கைதட்டலாம், மாலை போடலாம். ஆனால் பாதியை மறைத்துப் பாராட்டுவது பஜனை; நாம் அதற்குப் பேனா பிடிக்கவில்லை.

1865 நவம்பர் 30-உடன் ஜுவாரெசின் நான்காண்டுப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்த வழியில்லை. நாடு அந்நியன் கையில். அப்போது உச்ச நீதிமன்றத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும். எந்த விதி 1858-இல் ஜுவாரெசைத் தலைவராக்கிற்றோ அதே விதி! அந்த இடத்திலே இருந்தவர் கொன்சாலெஸ் ஒர்த்தேகா. ஜுவாரெஸ் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டசபை தமக்கு அளித்த விசேஷ அதிகாரத்தைக் காட்டி, போர் முடியும்வரை தம் பதவியைத் தாமே நீட்டித்துக்கொண்டார். ஒர்த்தேகா அனுமதியின்றி அமெரிக்காவிலே தங்கிவிட்டார் என்று குற்றமும் சாட்டினார்.

எதிர்த்தவர்களிலே ஒருவர் யார் தெரியுமா? பிரியெத்தோ! குவாதலஹாராவிலே தம் மார்பைக் காட்டி ஜுவாரெசின் உயிரைக் காத்த அதே பிரியெத்தோ. மனிதருக்காக உயிரையும் கொடுப்பேன், மனிதருக்காகச் சட்டத்தைக் கொடுக்கமாட்டேன் என்ற நிலை அது. போர்க்களத்தின் நடுவே குதிரை மாற்றமுடியுமா என்று ஜுவாரெசின் பக்கம் நின்று பேசினோரும் நல்லவர்களே. இன்றும் வரலாற்று ஆசிரியர்கள் இருபுறமும் வாதாடுகிறார்கள். நம் கருத்தைக் கேட்டால், நெருக்கடியிலே ஜுவாரெசின் முடிவு நாட்டுக்குப் பயன்பட்டது. ஆனாலும் பிரியெத்தோ போன்றோரின் எதிர்ப்பும் நாட்டுக்குத் தேவைப்பட்டது. அந்தக் குரல் எழாவிட்டால் நெருக்கடி என்ற சொல்லே நிரந்தர நாற்காலி ஆகிவிடும்.

1867-இல் வெற்றிக்குப் பின் மற்றொரு தடுமாற்றம். சட்டத்தைத் திருத்தவேண்டுமானால் சட்டசபையிலே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் மாகாண சட்டசபைகளில் பெரும்பாலானவற்றின் சம்மதமும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பாதையை விட்டு, தேர்தலோடு சேர்த்து நேரே மக்களிடம் கேட்டுத் தலைவரின் அதிகாரத்தைக் கூட்டும் திருத்தங்களைச் செய்யப் பார்த்தார் ஜுவாரெஸ். நண்பர்களே எதிர்த்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது. ஆனாலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தலைவரை ஏற்றுக்கொண்டு, தலைவரின் தவறை ஏற்க மறுக்கத் தெரிந்த மக்கள்!

மூன்றாவது குறை சட்டத்துக்குள்ளேயே இருந்தது. மாதாகோயிலின் நில ஆதிக்கத்தை உடைக்க எழுதிய 27-வது பிரிவு, எந்தச் சபையும் நிலம் வைத்திருக்கலாகாது என்று பொதுவாக எழுதப்பட்டுவிட்டது. பூர்வகுடிக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதுவிலே வைத்திருந்த நிலமும் அந்த வலையிலே சிக்கிற்று. பண்ணையார்கள் வளைத்தார்கள். ஆடு மேய்த்த பூர்வகுடி மகன் காத்த சட்டம், ஆடு மேய்க்கும் பூர்வகுடிகளின் மேய்ச்சல் நிலம் போகக் காரணமாயிற்று! நோக்கம் நல்லதென்றால் போதாது; எழுதும் வாசகம் ஏழையின் குடிசை வாசலிலே போய் என்ன செய்யும் என்றும் பார்க்கவேண்டும். 1910-இல் வெடித்த புரட்சிக்குப் பறிபோன கிராம நிலங்கள் பெருங்காரணம். 1917-இல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவுதான் கிராமங்களுக்கு நிலம் திரும்ப வழி செய்தது. அதே எண், எதிர்த்திசை!

1871-இல் ஜுவாரெஸ் மறுபடியும் நின்றார். மும்முனைப் போட்டியிலே யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. சட்டசபை அவரைத் தேர்ந்தெடுத்தது. தோற்ற தளபதி போர்பீரியோ தியாஸ், மறுதேர்தல் கூடாது என்று முழங்கிக் கலகம் செய்தான்; முறியடிக்கப்பட்டான். 1872 ஜூலை 18-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார் ஜுவாரெஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் மனைவி மார்கரீத்தாவை இழந்திருந்தார். போர்க்காலத்தில் அந்த அம்மையார் நியூயார்க்கிலே தங்கியிருந்தபோது ஆண்மக்கள் இருவரை இழந்திருந்தார்கள். அவருடைய சீர்திருத்தச் சட்டங்கள் 1873-இல் அரசியல் சட்டத்தோடு இணைந்தன.

மறுதேர்தல் கூடாது என்று முழங்கிய தியாஸ் என்ன ஆனான்? 1876-இல் ஆட்சியைப் பிடித்தான். இடையிலே நான்காண்டு தவிர 1911 வரை இறங்கவில்லை! ஜுவாரெசின் 1857 சட்டம் அத்தனை ஆண்டும் புத்தகத்திலே இருந்தது. வாசகம் இருந்தது, தட்டிக்கேட்கும் வாய் இல்லை. இன்னொரு வேடிக்கை. இத்தாலியிலே ஒரு கொல்லர், ஜுவாரெசின்மேல் கொண்ட மதிப்பால், 1883-இல் பிறந்த தம் மகனுக்குப் பெனிட்டோ என்று பெயரிட்டார். அந்தப் பிள்ளைதான் முசோலினி! பெயரை வைத்துவிடலாம், பண்பைப் பெயரோடு சேர்த்து ஒட்ட முடியாது.

ஜுவாரெசின் பிறந்தநாளுக்காக ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மெக்சிகோ நாடே விடுமுறை கொண்டாடுகிறது. நாமும் அவரை வணங்காமல் மதிக்கிறோம். ஆடு மேய்த்த சிறுவனை நாட்டின் தலைவனாக்கக்கூடிய ஆற்றல் சட்டத்துக்கு உண்டு என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அந்தத் தலைவனையும் எல்லைக்குள் நிறுத்தவேண்டிய வேலை மக்களுக்கு உண்டு என்பதையும் அதே வாழ்வு காட்டுகிறது.

தோழர்களே! தலைவரைத் தோளிலே தூக்கத் தெரிந்தவர்கள் நாம். அதிலே குறைவில்லை. அதனுடன் அரசியல் சட்டத்தையும் படியுங்கள். படிப்பகத்திலே, தேநீர்க்கடையிலே, ஆலைவாசலிலே, ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று ஒருவர் படிக்க நால்வர் கேளுங்கள். எந்த அதிகாரம் யாருக்கு, எதுவரைக்கும், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கப் பழகுங்கள். நம்மவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். குகையிலே ஆவணத்தைக் காத்த உழவனும் பிரியெத்தோவும் செய்த வேலை ஒன்றுதான். அந்த வேலைக்கு இன்றும் ஆள் வேண்டும்.